மலையில் பழகிய கால், தேரி மணலில் 50 கிலோமீட்டர்: என்ன செய்ய வேண்டும்?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பிப்ரவரி கடைசியில் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டில் 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பூம்பாறை, கவுஞ்சி பக்கமெல்லாம் 35 கிலோமீட்டர் வரை ஏற்ற இறக்கத்தில் ஓடியிருக்கிறேன். மணலில் ஓடியதே இல்லை. பத்து வாரம் இருக்கிறது. மலையில் ஓடுகிறவனுக்குக் கீழே ஓடுவது லேசு என்கிறார்கள். அது போதுமா, வேறு என்ன செய்யணும்?"

போதாது தம்பி. உங்களிடம் இருப்பது நல்ல முதல்தான், ஆனால் தேரி, அதாவது அந்தச் செம்மணல் மேட்டுக் காடு, கேட்கிற காசு வேறு. கொடைக்கானலில் ஓடுகிற பிள்ளைகள் எல்லோரும் இந்த நம்பிக்கையோடுதான் மலையிறங்குகிறார்கள். நம் ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கின்றன. இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அதில் பழகிய நெஞ்சுக்குக் கீழே மூச்சு தாராளமாகத்தான் கிடைக்கும். குளிர்ந்த நாளில், கெட்டித் தரையில், 10 கிலோமீட்டர் ஓட்டமென்றால் அந்த அனுகூலம் தெரியவும் செய்யும். தேரியில் 50 கிலோமீட்டர் ஓடும்போது முதலில் மடங்குவது மூச்சு இல்லை. உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறும். அந்தப் பழக்கத்தை மலை தராது. அதற்கு நீங்கள் கீழே இறங்கியாக வேண்டும், அல்லது சூட்டை மேலே கொண்டுவர வேண்டும். இந்தப் பத்து வாரத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நாம் சாப்பிட்டதில் முக்கால் பங்குக்கு மேல், ஓடும்போது சூடாகத்தான் வெளிவருகிறது. மீதிதான் காலை நகர்த்துகிறது. ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் மன்னவனூரில் ஓடினால் அந்தச் சூடு உங்களுக்கு உதவி. தோலைத் தொடுகிற காற்றே அதைக் கொண்டுபோய்விடும். திருச்செந்தூரில் பிப்ரவரிப் பகல் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பக்கத்தில் கடல், காற்றில் ஈரம். அங்கே வியர்வை ஆவியானால் மட்டுமே உடம்பு குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்குச் சூடு போகும். மூக்கு நுனியிலிருந்து சொட்டிக் கீழே விழுகிற வியர்வை எந்தச் சூட்டையும் எடுத்துப் போவதில்லை, உப்பையும் தண்ணீரையும் மட்டும்தான் எடுத்துப் போகிறது. ஈரக்காற்றில் பெரும்பகுதி அப்படித்தான் சொட்டி வீணாகும். அதனால் இதயம் ரத்தத்தைத் தோலுக்கு இன்னும் இன்னும் அனுப்பும். அதே ரத்தத்தைக் கால் தசையும் கேட்கும், வயிறும் கேட்கும். மூன்று பேருக்கும் பங்கு போட ரத்தம் போதாத நேரத்தில் வேகம் குறையும், வயிறு சோற்றைத் திருப்பித் தரும், தலை கிறுகிறுக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால் உடம்பு வெயிலுக்குச் சீக்கிரம் பழகும். தினமும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் சூட்டில் உடம்பைக் காயவிட்டால் முதல் ஐந்து நாளுக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறையும். பத்து முதல் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாக வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். ஆனால் இது வங்கியில் போட்ட பணம் மாதிரி கிடக்காது. சூடு நின்றால் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆகவே டிசம்பரில் வெயிலில் ஓடிப் பயனில்லை. கடைசி மூன்று வாரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, பழனி, இந்த அடிவார ஊர்களில் எங்காவது சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் பத்து, பன்னிரண்டு நாள் அங்கே போய்த் தங்கிவிடுங்கள். பிப்ரவரியில் அங்கேயும் பகல் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு வெளியே போய் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுங்கள். மெதுவாக என்றால் கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேசும் அளவுக்கு. வேகப் பயிற்சியை அதிகாலைக்கு வையுங்கள், சூட்டில் வேகம் வேண்டாம். முதல் மூன்று நாள் மோசமாக இருக்கும். ஐந்தாம் நாள் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

வேலையை விட்டுவிட்டு இறங்க முடியாது என்றால் வெந்நீர் இருக்கிறது. மேலே வழக்கம்போல ஓடி முடித்ததும், உடம்பு ஆறுவதற்குள், தோள் வரை 40 டிகிரி வெந்நீரில் உட்காருவது. தொடர்ந்து ஆறு நாள் இப்படிச் செய்த ஓட்டக்காரர்களுக்கு வெயிலில் ஓடும் திறன் கூடியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் குளியல் தொட்டி கிடையாது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் மேல்பக்கத்தை அறுத்து, அறுத்த ஓரத்தில் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து மாட்டிவிட்டால் தோள் கிழிக்காது. விறகு பாய்லர் இருக்கிற வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கையை விட்டுப் பார்த்து அளக்காதீர்கள், குளிரில் விறைத்த கைக்கு 36 டிகிரியே கொதிக்கிற மாதிரி இருக்கும். ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் 15 நிமிடம், பிறகு கூட்டிக்கொண்டே போய் 30, 40 நிமிடம். 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். எழும்போது தலை சுற்றும், ஆகவே வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், விளிம்பைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. இன்னொன்று, அறையைச் சூடாக்குகிறேன் என்று கதவைச் சாத்திக் கரியடுப்பை உள்ளே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். குளிர் ஊர்களில் இப்படி உயிர் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இனி மணலுக்கு வருவோம்.

1998இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் மணலில் ஆட்களை நடக்கவும் ஓடவும் விட்டு அளந்தார்கள். கெட்டித் தரையோடு ஒப்பிட்டால் மணலில் ஓடுவதற்கு 1.6 மடங்கு சக்தி செலவானது. நடப்பதற்கு 2.1 முதல் 2.7 மடங்கு. கால் வைத்ததும் மணல் விலகுகிறது, நீங்கள் உந்திய பலத்தில் ஒரு பங்கு அதை நகர்த்தவே போய்விடுகிறது. கெட்டித் தரையில் குதிகால் தசைநாண் வில்லாக இழுபட்டுத் திருப்பித் தருகிற பலமும் இங்கே சரியாகக் கிடைப்பதில்லை, தசையே முழு வேலையும் செய்கிறது. இந்தக் கணக்கை உங்கள் ஓட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மணலில் ஒரு கிலோமீட்டர் நடப்பது தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிற உழைப்பைக் கிட்டத்தட்ட வாங்கிவிடும். "முடியாவிட்டால் நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று மலையில் சொல்வோமே, அந்த வார்த்தையை இங்கே அத்தனை சுலபமாகச் சொல்ல முடியாது. நடையும் ஒரு வேலைதான், அதற்கும் பயிற்சி வேண்டும்.

சாலையில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் சுகமாக ஓடுகிறவர் தேரியில் ஒன்பதரை நிமிடத்தில் ஓடினால் அதே உழைப்பு. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்து மனம் பதறும். பார்க்காதீர்கள். அந்தத் திரையை இதயத்துடிப்புக்கோ, வெறும் நேரத்துக்கோ மாற்றி வையுங்கள். ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து சொல்ல முடியாத மூச்சு வந்தால் நடை. அப்படி வரும் வரை காத்திருக்காமல் முதல் மணியிலிருந்தே எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மணலில் கால் வைக்கும் விதமும் வேறு. நம் ஆட்கள் ஏற்றத்தில் நுனிக்காலை ஊன்றி உந்துவார்கள். மணலில் அப்படி உந்தினால் விரல்கள் புதையும், பாதம் பின்னால் வழுக்கும், சாயங்காலத்துக்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, காலடியைச் சுருக்கி, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஓடுங்கள். முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினால் பாதம் மணலை வாரிக்கொண்டு வராது. ஏற்றத்தில் நேராக ஏறாமல் குறுக்காக வளைந்து ஏறுங்கள்.

தேரியைப் பார்த்தவுடன் எல்லா மணலும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் ஒன்றில்லை. காற்று வந்து மோதுகிற பக்கச் சரிவு இறுகிக் கிடக்கும், மறுபக்கச் சரிவு தளர்ந்து கிடக்கும். உடை மரங்களையும் முந்திரியையும் ஒட்டிய இடத்தில் வேரும் சருகும் மணலைப் பிடித்து வைத்திருக்கும். பனை வரிசையை ஒட்டிப் போகும் வண்டித் தடத்தில் சக்கரம் அழுத்திய இடம் கெட்டி, நடுவில் புழுதி. விடிகாலையில் பனி விழுந்து ஈரமான மேல்மணல் ஒன்பது மணி வரைக்கும் காலைத் தாங்கும். பத்தடி முன்னால் பார்த்துக்கொண்டே, எங்கே கெட்டி என்று தேடிப் பாதம் வைக்கிறவர் அதே உடம்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாக வந்து சேர்வார். முன்னே நூறு பேர் மிதித்துக் கிளறிய நடுத்தடத்தைவிட, இரண்டடி ஓரத்தில் மிதிபடாத மணல் பல இடங்களில் கெட்டியாக இருக்கும்.

இதை எங்கே பழகுவது? மேலே மணல் இல்லை. உழுது போட்ட உருளைக்கிழங்குத் தோட்டம், பூண்டுத் தோட்டம் இருக்கிறதே, விதைப்பதற்கு முன்னால் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்போரமாக அரை மணி நேரம் நடந்து பாருங்கள், கணுக்கால் படுகிற பாட்டில் தேரியின் ருசி தெரியும். பைன் காட்டில் ஊசி இலை மெத்தையாகக் கிடக்கிற இடமும் உதவும், ஆனால் அது மணல் அளவுக்கு விலகாது. உண்மையான மணலுக்கு வைகைப் படுகைதான். வத்தலக்குண்டிலிருந்து தெற்கே போனால் ஆறு, மணல் மிச்சமிருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா, திறக்கப் போகிறார்களா என்று கரையோர ஊரில் விசாரிக்காமல் படுகையில் இறங்க வேண்டாம். முதல் தடவை 20 நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் மணல் வேண்டாம், குதிகால் தசைநாண் வீங்கிவிட்டால் பத்து வாரமும் போய்விடும். மணலில் மிக நீண்ட ஓட்டமாக மூன்று, நான்கு மணி நேரம் ஒரே ஒருமுறை ஓடினால் போதும். மீதி நீண்ட ஓட்டங்களை மலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையைப் பலர் இதற்குப் பரிந்துரைப்பார்கள். குளிரில் புறப்பட்டு வெக்கையில் போய் முடிகிற அருமையான பாதை. வனத்துறை அனுமதி வேண்டும், காட்டுமாடு நிற்கும், தனியாகப் போகக் கூடாது. எனக்கு அதில் இருக்கிற தயக்கம் வேறு: அத்தனை நீண்ட இறக்கம் தொடையைக் கிழித்துவிடும், தேரிக்கு அந்தத் தழும்பு தேவையில்லை. தேரிக்கு வேண்டியது கெண்டைக்காலும் பாதமும். தினமும் வாசல் படி ஓரத்தில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி மேலே ஏற்றுங்கள், முழங்கால் நேராக ஒரு பதினைந்து, முழங்காலை மடித்து ஒரு பதினைந்து, மூன்று சுற்று. மடித்துச் செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மணலில் மணிக்கணக்கில் உழைக்கப் போகிற உள்கெண்டைத் தசைக்கு அதுதான் வேலை கொடுக்கும்.

ஷூவைப் பற்றி நிறைய கேட்கப் போகிறீர்கள், அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அடியில் ஆழமான பல் இருக்கிற மலை ஷூ மணலில் ஒன்றும் கூடுதலாகச் செய்யாது. மேல்துணி நெருக்கமான நெசவாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரிகிற வலைத்துணி என்றால் தேரியின் மாவு போன்ற செம்மணல் உள்ளே புகும். சூட்டில் பாதம் வீங்கும், அரை சைஸ் பெரியதாக வாங்குங்கள். பிறகு ஷூவுக்கு மேல் மாட்டும் துணி உறை, கெயிட்டர் என்பார்கள், அது கட்டாயம். கடையில் கிடைப்பவை பல, கொக்கியை லேஸில் மாட்டிக் குதிகாலில் ஒட்டுபவை, ஓரங்களில் இடைவெளி விட்டுவிடும். பாலைவன ஓட்டக்காரர்கள் செய்வதுபோலச் செய்யுங்கள்: ஷூவின் மேல்துணியும் அடிப்பகுதியும் சேருகிற விளிம்பில் முழுச் சுற்றும் வெல்க்ரோ பட்டையைத் தைத்துவிட வேண்டும், பசை மட்டும் போட்டால் சூட்டில் பிரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் மெழுகு நூலில் தைத்துக் கொடுப்பார். ஷூவின் உட்புறம் ஊசி முனையோ நூல் முடிச்சோ துருத்தக் கூடாது என்று சொல்லி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள். அதோடு ஒட்டுகிற மாதிரி பாராசூட் துணியில் கணுக்காலுக்கு மேல் வரை உறை தைத்துக்கொண்டால் மணல் வருவது பெருமளவு நின்றுவிடும். உடை முள்ளும் நெருஞ்சியும் அங்கே தாராளம், உறை அதற்கும் ஒரு தடுப்பு.

பாதத்தில் வாசலைன் பூசிக்கொண்டு மணலில் இறங்காதீர்கள். பிசுபிசுப்பில் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தோலை அராவும். எங்கே வழக்கமாகக் கொப்புளம் வருமோ அங்கே முன்கூட்டியே மருந்துக் கடையில் கிடைக்கிற மைக்ரோபோர் பேப்பர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 250 கிலோமீட்டர் பல நாள் ஓட்டங்களில் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள், டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. வாசலைனைத் தொடை இடுக்கிலும் அக்குளிலும் பூசுங்கள். தண்ணீர் கொடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கொட்டுங்கள். இரண்டு நிமிடம் போகும், போகட்டும்.

தண்ணீர்க் கணக்கை நீங்களே போட வேண்டும், மற்றவர் கணக்கு உதவாது. அடிவாரத்தில் வெயிலில் ஓடுகிற ஒரு நாளில் ஓடுவதற்கு முன் துணியில்லாமல் எடை பாருங்கள். 64.2 கிலோ என்று வைப்போம். ஒரு மணி நேரம் ஓடி, இடையில் 400 மில்லி குடித்து, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கும்போது 63.5. குறைந்தது 700 கிராம், குடித்தது 400, ஆக ஒரு மணி நேரத்துக்கு 1.1 லிட்டர் வியர்வை. அது முழுவதையும் திருப்பிக் குடிக்க வயிறு ஒத்துக்கொள்ளாது, தேவையும் இல்லை. இரண்டு, மூன்று சதவீதம் எடை குறைந்து முடிப்பதில் ஆபத்தில்லை. மணிக்கு 500 முதல் 750 மில்லி, தாகத்தைக் கேட்டு. மலையில் இதே கணக்கைப் பார்த்தால் பாதிதான் வரும், அதை நம்பிக் கீழே போகாதீர்கள்.

அதிகம் குடிப்பதிலும் உயிர் ஆபத்து உண்டு, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்களில் பலர் ஓடியதில் எடை கூடியவர்கள். மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வந்தால் அந்த ஆளுக்குத் தண்ணீரை ஊற்றக் கூடாது.

உப்புக்கு விலையுயர்ந்த வில்லைகளைத் தேடி அலைய வேண்டாம். எலெக்ட்ரால் போன்ற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு 1.7 கிராம் அளவில் சோடியம் தரும். ஒரு பாட்டில் அது, ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடித்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் முழுதாகக் கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அது குமட்டும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது, ஓட்டத்தில் அதுதான் வசதி. சட்டையில் வெள்ளையாக உப்புப் பூக்கிற உடம்பு என்றால் உப்புப் போட்ட மோரும் கூட வேண்டும்.

சாப்பாட்டில் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து அல்லது சர்க்கரை. நம் பழனிப் பஞ்சாமிர்தம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை எல்லாம் மெல்லவே வேண்டாத பதத்தில் வந்து நிற்கிறது. சின்னப் பைகளில் அடைத்து ஓரத்தை வெட்டிப் பிழிந்துகொள்ளலாம். கருப்பட்டித் துண்டு தேரிப் பக்கமே கிடைக்கும். கடலை மிட்டாயை முதல் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள், சூடு ஏறியபின் கடலையின் கொழுப்பு வயிற்றில் நின்றுவிடும். எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை அடிவார வெயிலில் ஓடும்போது சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். குளிரில் ஒத்துக்கொண்ட சாப்பாடு சூட்டில் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்கள்? ஐந்து மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் 30 கிலோமீட்டர் தாண்டிவிடலாம், மீதி 20 கிலோமீட்டர் வெயிலில் நான்கு மணி நேரம் வாங்கும், இரண்டு மணிக்கு முடிப்பீர்கள். ஏழு மணிக்குத் தொடங்கினால் அந்த இரண்டு மணி நேரமும் மதிய வெயிலில் சேரும், செம்மணலின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் கொதிக்கிற நேரம். தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று? அது எட்டு கிலோமீட்டர் என்றால் மணலில் ஒன்றரை மணி நேரம், முதுகில் ஒன்றரை லிட்டர் வேண்டும். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அனுமதி வாங்கியிருக்கிறார்களா? ஐஸ் இருக்கிறதா? கடற்கரை முழுக்க மீனவர் ஊர்கள், மீனுக்குப் போகிற ஐஸ் வேண்டிய மட்டும் கிடைக்கிற இடம் அது, இல்லை என்று சொல்ல நியாயமே இல்லை. துண்டில் ஐஸைச் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அடுத்த ஐந்து கிலோமீட்டர் வேறு ஓட்டமாக இருக்கும்.

ஐஸ் இன்னொன்றுக்கும் வேண்டும். கூட ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணமின்றிக் கோபப்பட்டாலோ, தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றிருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை சும்மா நிற்காமல், ஒரு தார்ப்பாயில் ஆளைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் ஊற்றி, தலையைமட்டும் மேலே தாங்கி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் ஒரு தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வழி தப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொராக்கோவின் சஹாரா பகுதியில் 1986 முதல் நடக்கிற மரத்தோன் தே சாப்ல் என்ற 250 கிலோமீட்டர் ஓட்டத்தில், 1994இல் மாவ்ரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலியர் மணற்புயலில் தடம் மாறி அல்ஜீரியாவுக்குள் போய்விட்டார். ஒன்பது நாளுக்கு மேல் அலைந்து உயிர் தப்பினார். தேரி அவ்வளவு பெரிதில்லை. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சிவப்பு, ஒரே உடை மரம், காற்றடித்தால் முன்னே போனவர் காலடியும் அழிந்துவிடும். பாதையைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு விசிலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிடமாக அடையாளக் கொடி எதுவும் கண்ணில் படவில்லை என்றால் திரும்பி வந்த வழியே போங்கள்.

உடையில் சொல்ல அதிகமில்லை. வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கை, பிடரியை மூடும் தொப்பி, காற்றுக்கும் மணலுக்கும் கண்ணாடி. தலையையும் சட்டையையும் ஒவ்வொரு இடத்திலும் நனைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே மலையிறங்கிவிடுங்கள். வத்தலக்குண்டு, மதுரை, திருநெல்வேலி என்று பஸ் மாறிக் களைத்துப் போய் முந்தின இரவு திருச்செந்தூரில் இறங்கினால், புழுக்கத்தில் தூக்கம் வராமலே விடிந்துவிடும்.

கடைசியாக வலி மாத்திரை. முந்தின இரவும் வேண்டாம், ஓடும்போதும் வேண்டாம், முடித்த அன்றும் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். பாலைவன ஓட்டக்காரர்களுக்கு ஐபுப்ரோஃபெனும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஐபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி இருந்தது, வெற்று மாத்திரைக்காரர்களில் 34 சதவீதம். முடித்ததும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், பிறகு நிழலில் காலை உயர்த்திப் படுத்து மோரோ பதநீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அன்று ராத்திரிக்குள் சிறுநீர் வந்தாக வேண்டும். கடுங்காப்பி நிறத்தில் வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறாதீர்கள். அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போய், 50 கிலோமீட்டர் வெயிலில் ஓடினேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.